வீக்கம் ஒன்று, நோய் பல

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், களனி கங்கைப் பாலத்தைக் கடந்து வத்தளையை அடைந்து, அங்கிருந்து கடலை நோக்கித் திரும்புவாராயின் ஹெந்தளை என்னும் ஊரைச் சேர்வார். தென்னஞ்சோலையும் கால்வாயும் கடற்காற்றும் நிறைந்த ஊர் அது. ஆயினும் அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தே முகம் சுளிப்பது முந்திய தலைமுறையினரின் வழக்கமாயிருந்தது. 1708 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அங்குத் தொழுநோயாளருக்கென ஒரு மனையை அமைத்தமையே அதற்குக் காரணம். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1901 ஆம் ஆண்டிலே பிறந்த சட்டமொன்று, தொழுநோயாளர் எனக் காணப்பட்டோரைக் கட்டாயமாக ஒதுக்கிவைக்க வழிசெய்தது. 'ஹெந்தளைக்கு அனுப்பிவிட்டார்கள்' என்றால், வீட்டுக்கும் ஊருக்கும் உறவுக்கும் அவர் இனி இல்லை என்பதே பொருளாயிற்று.

இச்செய்தியை நான் இங்கு எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. ஒருவனை அம்மதிலுக்குள் அனுப்பியது நோய் மாத்திரம் அன்று. அந்நோய்க்கு இடப்பட்ட பெயரும் ஆகும். தோலிலே ஒரு படை, முகத்திலே ஒரு தடிப்பு, விரலிலே ஒரு மரப்பு என்பவற்றைக் கண்ணாற் கண்டு, 'இஃது இன்ன நோய்' என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நோர்வே நாட்டில் ஹன்சன் என்பவர் 1873 ஆம் ஆண்டில் தொழுநோய்க் கிருமியைக் காணும்வரை, அத்தீர்மானத்துக்குக் கண்ணும் அனுபவமுமே கருவிகளாயிருந்தன. தோற்றத்தால் ஒத்த நோய்களைத் தன்மையாற் பிரித்தறிதல் எத்துணை அரிய செயல் என்பதற்கு ஹெந்தளை ஒரு சாட்சி.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொழுநோய் அன்று. அதனினும் சிறியதாய், பலராலும் கவனிக்கப்படாததாய் உள்ள ஒன்றைப் பற்றியது. கன்னத்திலும் தாடையின் கீழும் அமைந்துள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் நெடுநாள் வீங்கிக் கிடப்பதுண்டு. அவ்வீக்கம் கிருமியால் வந்ததா, கல்லால் வந்ததா, அன்றி உடல் தன்னைத் தானே தாக்குவதால் வந்ததா என்று பிரித்தறிய மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்த வரலாறே என் பொருள். நான் மருத்துவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்தவன். இவ்வரலாற்றில் நான் புகுந்தமைக்கு என் தமக்கையாரே காரணம். அதனை முதலிற் கூறிவிடுகின்றேன்.

தமக்கையாருக்கு அப்பொழுது வயது 48. இரு கன்னங்களும் காதடியில் மெல்லப் பருத்தன; நோவில்லை. பின்னர் உணவு இறங்க மறுத்தது. பிட்டை வாயில் இட்டால் மணலை மென்றது போல் இருக்கிறது என்பார். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு நீர் வேண்டியிருந்தது. பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைந்தன. பல் வைத்தியர் பிடுங்கினார். சிதைவுக்குக் காரணம் என்னவென்று கேட்டாரில்லை. கூகைக்கட்டு என்றார் ஒருவர். கூகைக்கட்டு இரண்டு வாரத்தில் ஆறிவிடும், இதுவோ இரண்டு வருடமாயிற்று. நாங்கள் இருந்தது ஹெந்தளையாதலின், பருத்த முகத்தைக் கண்டு அயலிலே மெதுவாக எழுந்த பேச்சு எதுவென நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காலத்தில் எங்கள் அன்னையார் காலமானார். சவச்சடங்கிலே எல்லோரும் அழுதனர். தமக்கையார் விம்மினார், மார்பிலே அடித்துக்கொண்டார். கண்ணில் ஒரு துளி நீர் வரவில்லை. 'பெற்றவள் போகிறாள், கண் கலங்கவில்லையே' என்று உறவினர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. கண்ணீர் வராமையும் வாய் வறண்டமையும் கன்னம் பருத்தமையும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதை நாங்கள் ஒருவரும் அன்று அறிந்திலோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஆண்டு 1656 என்பதை மாணவர் அறிவர். அதே ஆண்டிலே இலண்டனில் தோமஸ் வார்ட்டன் என்ற மருத்துவர் சுரப்பிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டு, தாடைக்கீழ்ச் சுரப்பியிலிருந்து நாவின் அடிக்கு வரும் கானை விளக்கினார். நான்கு ஆண்டுகளின் பின், 1660 இல், ஒல்லாந்தரின் தலைநகராகிய அம்ஸ்ரர்டாமிலே, டென்மார்க்கிலிருந்து கற்க வந்த நீல்ஸ் ஸ்ரென்சன் என்னும் 22 வயது இளைஞர், ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்க்கையில், கன்னச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் திறக்கும் கானைக் கண்டார். இன்றும் அவ்விரு கான்களும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன. உமிழ்நீர் வாயில் தானே ஊறுவதன்று, சுரப்பியிலே பிறந்து கான் வழியே வருவது என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இவ்வறிவு நம்மவர்க்குத் தமிழிலேயே கிடைத்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே நம் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்குவித்தார். 1872 இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870 இலேதான் என்பதை நினைவிற் கொண்டால், கிறீன் அவர்களின் பணியின் அருமை விளங்கும்.

ஆயின், சுரப்பி இருக்குமிடம் அறிதல் வேறு. அது வீங்கும் காரணம் அறிதல் வேறு. இரண்டாவது வினாவுக்கு விடை தேடும் பயணம் 1888 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது.

அவ்வாண்டிலே, அக்காலத்துப் புருசிய நாட்டின் கொனிக்ஸ்பேர்க் நகரில், யோகான் மிக்குலிச் என்ற அறுவை வைத்தியர் ஒரு நோயாளியை மருத்துவர் சபையின் முன் காட்டினார். அவர் 42 வயதான ஒரு கமக்காரர். அவருடைய கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருபுறமும் ஒத்தவாறு, நோவின்றி, பெரிதாகப் பருத்திருந்தன. மிக்குலிச் அவற்றை அறுத்தெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, சிறிய வட்டக் கலங்கள் கூட்டங்கூட்டமாகச் சுரப்பி இழையத்துள் நிறைந்திருக்கக் கண்டார். புற்றெனவும் சொல்ல இயலவில்லை. கிருமி எனவும் சொல்ல இயலவில்லை. அக்கமக்காரர் சில மாதங்களில் வேறொரு வயிற்று நோயினால் இறந்தார். 1892 இல் மிக்குலிச் இதனை விரிவாக எழுதினார். நோய் அவர் பெயரைப் பெற்றது.

அதே 1888 இல், இலண்டனிலே ஹட்டன் என்னும் மருத்துவர் வேறொரு நோயாளியைப் பற்றிக் கூறினார். அவர் ஒரு பெண். வாய் வறண்டு உணவு விழுங்க இயலாதிருந்தார். அழுதாலும் கண்ணீர் வரவில்லை. தென்னமெரிக்காவின் ஜபொறாந்தி என்னும் இலையின் சாற்றை ஹட்டன் கொடுக்க, உமிழ்நீர் சிறிது ஊறிற்று. அவ்விலையிலிருந்து பெறப்படும் பைலோகாப்பின் என்னும் மருந்து வாய் வறட்சிக்கு இன்றும் வழங்கப்படுகின்றது. ஒருவர் வீக்கத்தைக் கண்டார்; ஒருவர் வறட்சியைக் கண்டார். இரண்டுக்கும் உறவு உண்டோ என்று அக்காலத்தில் வினவியவர் எவருமிலர்.

ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால், அப்பெயரை நோக்கிப் பல நோய்கள் ஓடி வருதல் இயல்பு. சுரப்பி வீங்கியவரெல்லாம் மிக்குலிச் நோயாளராயினர். சயரோகத்தால் வீங்கியோரும், இரத்தப் புற்றினால் வீங்கியோரும் அதே பெயரைத் தாங்கினர். 1896 இல் ஜெர்மனியரான குற்னர், தாடைக்கீழ்ச் சுரப்பி கல்போல் இறுகிக் கட்டியென மயக்குவதைக் காட்டினார். அறுத்துப் பார்த்தால் அது புற்றன்று, நெடுநாள் அழற்சியால் நாரிழையம் வளர்ந்து இறுகியதே. 1909 இல் டென்மார்க்கின் ஹேர்வோட், கன்னச் சுரப்பி வீக்கமும் கண்ணழற்சியும் காய்ச்சலும் ஒருங்கு வருவதை விளக்கினார். அது 'சாக்கொயிடோசிஸ்' என்னும் பிறிதொரு நோயின் முகம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்குழப்பத்தைக் கண்டு, 1927 இல் ஷாபர், யாக்கொப்சன் என்ற இருவர் ஒரு கோடு கீறினர். காரணம் தெரிந்த வீக்கங்களை ஒரு புறமும், காரணம் தெரியாத வீக்கத்தை மறுபுறமும் வைத்து, பின்னதற்கே மிக்குலிச் நோய் என்னும் பெயர் உரியது என்றனர்.

வறட்சியின் கதையோ வேறு வழியிற் சென்றது. ஹென்றிக் ஷோகிரன் என்பவர் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர். கண் வறண்டு எரிய, வாய் வறண்டு தவிக்க, மூட்டு நோவுடன் வந்த பெண்களை அவர் கூர்ந்து நோக்கினார். அத்தகைய 19 பெண்களின் வரலாற்றைத் திரட்டி, 1933 இல் ஸ்ரொக்கோம் நகரிலே கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டழற்சி இருந்தது. கண்ணும் வாயும் மூட்டும் தனித்தனியே நோயுறவில்லை. உடல் முழுவதற்கும் பொதுவான ஒரு நோயே இம்மூன்றிலும் தோன்றுகின்றது என்பது அவர் துணிபு. ஆய்வை மதிப்பிட்டோர் அதனைச் சிறப்பாகக் கருதவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராவதற்கு வேண்டிய தரம் கிடைக்காமையால், அவர் தலைநகரை விட்டு வேறோர் ஊரின் வைத்தியசாலைக்குச் சென்று பணிபுரிந்தார். 1943 இல் அவரது நூல் அவுஸ்திரேலியாவிலே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட பின்னரே அவர் கருத்து உலகெங்கும் பரவியது.

1953 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே மோர்கன், காசில்மன் என்போர், மிக்குலிச் நோய் எனப்பட்ட 18 பேரின் சுரப்பி இழையங்களை ஆராய்ந்தனர். இவையும் ஷோகிரன் கூறிய நோயும் ஒன்றே என அவர்கள் முடிவு கூறினர். அம்முடிவை உலகம் ஏற்றது. மிக்குலிச் பெயர் மெல்ல மறைந்தது. ஆயின் நேயர்களே, வரலாறு அங்கே முடியவில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

அவ்வட்டக் கலங்கள் சுரப்பிக்குள் ஏன் புகுந்தன? அவை நிணநீர்க் கலங்கள். அயற்கிருமிகளை எதிர்க்கும் நம் காவற்படை. கிருமி இல்லாத இடத்தில் காவற்படைக்கு என்ன வேலை? காவலர் வீட்டாரையே தாக்குவர் என்பதை மருத்துவர் நெடுங்காலம் நம்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், உடல் தன்னைத் தாக்குதலை அஞ்சி விலக்கும் இயல்புடையது என்று கூறியிருந்தார். அக்கூற்று ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஒரு சட்டம் போல் நின்றது. 1956 இல் அச்சட்டம் உடைந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவிலே ரோஸ், விற்றெப்ஸ்கி ஆகியோர், முயல்களின் உடலைக்கொண்டே அவற்றின் தைரொயிட் சுரப்பியைத் தாக்கச் செய்து காட்டினர். அதே ஆண்டில் இலண்டனிலே ரொயிற், டோனியாக் முதலியோர், யப்பானியரான ஹஷிமொற்றோ 1912 இல் விளக்கிய கழுத்து வீக்க நோயாளரின் குருதியிலே, அவர்தம் சுரப்பிக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டனர். தன்னெதிர்ப்பு நோய் என்னும் புதிய இனம் இவ்வாறு ஏற்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஷோகிரன் நோயும் அவ்வினத்திற் சேர்க்கப்பட்டது.

இனி, பிரித்தறியும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். கன்னச் சுரப்பியை அறுத்துப் பார்ப்பது எளிதன்று; முகத்தசைகளை இயக்கும் நரம்பு அதனூடே செல்கின்றது. கத்தி தவறினால் வாய் கோணிவிடும். 1968 இல் கிளாஸ்கோ நகரின் சிசோம், மேசன் என்போர் ஓர் எளிய வழியைச் செம்மைப்படுத்தினர். நம் கீழுதட்டின் உட்புறத்திலே கடுகளவினவாகிய சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பல உள்ளன. பெரிய சுரப்பியில் நடப்பது இவற்றிலும் நடக்கும். இவற்றுள் சிலவற்றை எடுத்து, 4 சதுர மில்லிமீற்றர் பரப்பிலே 50 க்கு மேற்பட்ட நிணநீர்க் கலங்கள் ஒன்றாய்த் திரண்ட கூட்டங்கள் எத்தனை என்று எண்ணினர். எண்ணிக்கை என்பது இங்குச் சிறு செய்தி அன்று. 'நிறைய இருக்கிறது', 'கொஞ்சம் இருக்கிறது' என்ற பேச்சு ஒழிந்து, இருவர் தனித்தனியே பார்த்தாலும் ஒப்பிடத்தக்க அளவுகோல் பிறந்தது.

அவ்வளவுகோலின் நுட்பத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். முதுமையடைந்த எவர் உதட்டை எடுத்துப் பார்த்தாலும் அழற்சிக் கலங்கள் சில சிதறிக் கிடக்கும்; சுரப்பிப் பைகள் சுருங்கி, கான்கள் விரிந்து, நாரிழையம் மிகுந்திருக்கும். அது காலத்தின் தேய்வு. தன்னெதிர்ப்பு நோயிலோ, நிணநீர்க் கலங்கள் கான்களைச் சூழ்ந்து இறுகிய கூட்டங்களாய் நிற்கும். அக்கூட்டத்தை அடுத்துள்ள சுரப்பிப் பைகள் பெரும்பாலும் நலமாயிருக்கும். சிதறலும் திரட்சியும் இரு வேறு நோய்க்கதைகளைச் சொல்கின்றன. அவ்வேறுபாட்டைக் காணாது, 'அழற்சி உண்டு' என்று மாத்திரம் எழுதிவிட்டால், நோயில்லாதவர் நோயாளியாவார், நோயாளி கைவிடப்படுவார்.

ஏனைய காரணங்களுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. கானிலே கல் அடைத்தால் பெரும்பாலும் ஒரு புறத்துச் சுரப்பி ஒன்றே வீங்கும். உணவு உண்ணும் வேளையிலே வலி எழும். கற்களுட் பெரும்பாலானவை தாடைக்கீழ்ச் சுரப்பியிலேயே உண்டாகின்றன. சயரோகத்திலும் சாக்கொயிடோசிஸ் நோயிலும் கலங்கள் திரண்டு சிறுமணிகள் போன்ற முடிச்சுகளாகும். சயரோக முடிச்சின் நடு, பாற்கட்டி போல் அழிந்திருப்பது வழக்கம். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் 'சி' வைரசு ஆகியனவும் ஷோகிரன் நோயைப் போன்ற வேடம் பூண்டு வருதலுண்டு. ஆதலின் குருதிப் பரிசோதனையின்றி முடிவு கூறலாகாது.

குருதியிலே கிடைத்த சான்று வேறொன்று. 1969 இலும் 1974 இலும் அமெரிக்க ஆய்வாளர் இரு பிறபொருளெதிரிகளை விளக்கினர். அவற்றுக்கு 'றோ' என்றும் 'லா' என்றும் பெயர். அவை பெருஞ்சொற்கள் அல்ல. அவை முதலிற் காணப்பட்ட நோயாளர் பெயரின் முதலெழுத்துகளே. இவற்றின் பயன் வாயோடு நிற்பதன்று. 'றோ' எதிரியுடைய தாய் கருவுற்றால், அது குழவியிடம் சென்று, சிற்சில வேளைகளில் அதன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். முன்னரே அறிந்தால் கருவிலிருக்கும் பிள்ளையைக் கண்காணிக்கலாம். வாய் வறட்சி என்று அசட்டை செய்யப்படும் ஒரு குறி, பிறவாத பிள்ளையின் நலத்தையும் தொட்டுநிற்கின்றது.

மறைந்துபோன மிக்குலிச் பெயருக்கு இனி வருவோம். 2001 இல் யப்பானின் மற்சுமொற்றோ நகரிலே, சதையி வீங்கி இறுகும் ஒருவகை நோயாளரின் குருதியில், ஐ.ஜி.ஜி.4 என்னும் பிறபொருளெதிரி வகை பெரிதும் மிகுந்திருப்பதைக் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் சப்போறோ நகர மருத்துவர்கள், இருபுறமும் கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் நோவின்றிப் பருத்த நோயாளரிடத்தும் அதனையே கண்டனர். அவர்கட்கு 'றோ'வும் இல்லை, 'லா'வும் இல்லை, வறட்சியும் குறைவு. இழையத்திலே சுழன்று பின்னிய நாரிழையமும், ஐ.ஜி.ஜி.4 சுரக்கும் கலங்களும் மலிந்திருந்தன. ஸ்ரெரொயிட் மருந்துக்கு வீக்கம் விரைவில் வற்றிற்று. அஃதாவது, 1888 இல் மிக்குலிச் கண்டதாகிய நோய்த்தோற்றம் ஷோகிரன் நோயன்று, தனியானதொரு நோய் என்பது புலனாயிற்று. குற்னர் 1896 இல் கண்ட கல்போன்ற வீக்கத்துட் பலவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. 1953 இல் ஒன்றெனக் கட்டப்பட்டவை ஐம்பது ஆண்டுகளின் பின் மீண்டும் இரண்டாயின. 2016 இல் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகள், ஐ.ஜி.ஜி.4 நோய் உள்ளவரை ஷோகிரன் நோயாளராகக் கொள்ளலாகாது என்று வெளிப்படையாகவே விலக்குகின்றன.

இப்பிரிப்பினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒன்றுக்கு ஸ்ரெரொயிட் கொடுத்தால் வீக்கம் கரையும். மற்றொன்றுக்கு அதனால் வாய் ஊறுவது அரிது. ஒன்றுக்குக் கல்லை எடுத்தாற் போதும். ஒன்றுக்குச் சயரோக மருந்து மாதக்கணக்கில் வேண்டும். ஷோகிரன் நோயாளர் சிலரிடத்தே பிற்காலத்தில் நிணநீர்ப் புற்று தோன்றுவதால், அவரை ஆண்டுதோறும் கவனித்தல் அவசியம். பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் காலம் தவறும்.

தொழுநோயின் வரலாறும் இதே பாடத்தை வேறு வழியாற் கற்பித்தது. 1966 இல் றிட்லி, ஜொப்ளிங் என்போர், ஒரே கிருமி ஒருவரிடத்தில் சில படைகளாகவும் மற்றொருவரிடத்தில் உடல் முழுதும் பரவியும் தோன்றுவது, அவரவர் உடலின் நிர்ப்பீடன வலியைப் பொறுத்ததென வகுத்துக் காட்டினர். நோய் என்பது வெளியிலிருந்து வருவது மாத்திரம் அன்று, உடல் அதற்குக் கொடுக்கும் மறுமொழியும் சேர்ந்ததே என்ற அறிவு அதனால் வலுப்பெற்றது. 1980 களில் வந்த கூட்டு மருந்து முறையால் அந்நோய் இன்று குணமாக்கத்தக்கதாயிற்று. ஒதுக்கிவைக்கும் நியாயமும் ஒழிந்தது.

என் தமக்கையாரின் உதட்டிலிருந்து கடுகளவான சில சுரப்பிகளை எடுத்துச் சோதித்தபின், ஓர் இளம் வைத்தியர் எங்களை அமரவைத்து விளக்கினார். 'அம்மா, உங்களுக்குக் கண்ணீர் வராது. அதற்குச் சுரப்பிதான் காரணம்' என்று அவர் சொன்னபோது, தமக்கையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் என்னை நோக்கி, 'தம்பி, இதைச் சித்தியவைக்கும் போய்ச் சொல்லு' என்றார். அந்த ஒரு வாக்கியத்திலே அவர் எத்தனை நாட்களாக எதனைச் சுமந்திருந்தார் என்பது எனக்கு விளங்கிற்று. நான் சென்று சொன்னேன். கேட்டவருட் சிலர் தலை குனிந்தனர்.

நோய் தீரவில்லை, அதற்கு முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. கண்ணுக்குத் துளி மருந்தும், வாய்க்கு அடிக்கடி நீரும், பற்களுக்குக் காவலும், காலந்தோறும் பரிசோதனையுமாக அவர் வாழ்கின்றார். பிட்டோடு குழம்பு சற்று அதிகமாக வேண்டும், அவ்வளவே.

கன்னத்தில் வீக்கம் நெடுநாள் நின்றாலும், வாயும் கண்ணும் மாதக்கணக்கில் வறண்டாலும், அதனை வயதின் குற்றம் என்றோ மனத்தின் குற்றம் என்றோ தள்ளிவிடாது, தக்க வைத்தியரை நாடுங்கள். அயலவரிடத்தே அத்தகைய குறியைக் கண்டால், நீங்களே ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள். ஹெந்தளையின் பழைய மதிலருகே நடந்து செல்லும்போதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்வதும் அதுவே.